ஆனைக்குட்டம் பஸ்ஸின் முன் சீட்டு

சொர்ணலட்சுமியிடம் கார் இருக்கிறது. நன்றாக ஓட்டவும் தெரியும். வீடு சிவகாசியில். எங்கள் பல்கலைக்கழகம் விருதுநகர் போகிற பாதையில் இருக்கிறது. காரை நேரே விட்டால் டீ ஆறுவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். ஆனால் அவர் தினமும் காலையில் காரை ஆனைக்குட்டத்துக்கு ஓட்டிப் போகிறார். அங்கே பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அதை நிறுத்திவிட்டு, மாணவர்களை ஏற்ற வருகிற பல்கலைக்கழகப் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறார். சாயங்காலம் அதே பஸ்ஸில் போய் காரை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் மாவட்டத்தில் கிடைக்காது.

இதற்கு ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறார் என்பார் ஒருவர். ஜோசியர் சொல்லியிருப்பார் என்பார் இன்னொருவர். பட்டாசுக் கம்பெனி வீட்டுப் பெண்ணுக்கு ஏதாவது ஒரு கோணல் இல்லாமல் இருக்குமா என்று சிரிப்பவர்களும் உண்டு. நான் தமிழ்த்துறை, அவர் வணிகவியல். பல வருடமாக ஒரே மேஜையில் டிபன் டப்பாவைத் திறக்கிறோம். காரணம் எனக்குத் தெரியும். நான் இதை எழுதினேன் என்று தெரிந்தால் திட்டுவார். திட்டட்டும். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் பேசும்போது, தெரிந்தவள் எழுதினால் என்ன?

சொர்ணலட்சுமியின் அப்பா அய்யாதுரை சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். மருந்து அடைக்கிற அறை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்ன அறை, உள்ளே நாலே பேர், எதிரெதிரே வாசல்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். ஒரு பக்கம் நெருப்புப் பிடித்தால் மறுபக்கம் ஓடவேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்த அறைகளைப் பார்த்து வளர்ந்த பெண் என்பதால், எந்த இடத்துக்குள் போனாலும் அவர் கண் முதலில் இன்னொரு வாசலைத் தேடும். கல்யாண மண்டபமானாலும் சரி, துணைவேந்தர் அறையானாலும் சரி. இதைச் சொல்லி நான் அவரைக் கேலி செய்வதுண்டு.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆய்வுக் குழு வரப்போகிறது என்று பல்கலைக்கழகம் பரபரத்தது. சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்த கையோடு, 'மகளிர் மற்றும் பன்முகச் சமூகத்தினர் ஆதரவு மையம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறவர்கள் எங்களில் குறைவு. அதைப் பார்த்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. சம்பளம் கூடாது, பகை கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். சொர்ணலட்சுமி ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நிர்வாக அலுவலகத்துக்கு எதிரே கொடுத்த பளபளப்பான அறை வேண்டாம், நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய ஸ்டோர் ரூம் போதும் என்றார்.

காரணம், அந்த ஸ்டோர் ரூமுக்கு இரண்டு வாசல். நூலகத்துக்குள்ளிருந்து ஒன்று, கேண்டீன் பக்கம் ஒன்று. புத்தகம் எடுக்கப் போகிற பெண் டீ குடிக்க வெளியே வந்துவிடலாம். நடுவில் எங்கே போனாள், யாரிடம் என்ன சொல்லி அழுதாள் என்று ஒரு பயலுக்கும் தெரியாது. இந்த யோசனையைக் கேட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பெயர்ப் பலகையை யாரும் படிக்கவில்லை. 'சொர்ணம் மேடம் ரூம்' என்றே ஆகிவிட்டது.

அப்படித்தான் ஒரு மாசி மாதத்தில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆனைக்குட்டத்து விவசாயி செல்லப்பாண்டியின் மகள் அழகுமீனா. அவளுடைய சிநேகிதி வேல்விழி, பக்கத்து ஊர்க்காரி, தகப்பன் இல்லாதவள், அண்ணன் படிக்க வைத்துக்கொண்டிருந்தான். இருவரும் பி.காம். கடைசி வருடம். பஸ் டிரைவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றார்கள். ஆரம்பிப்பதற்குள் சாயங்கால பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அந்த பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. "நாளைக்கு நிதானமா வாங்க, நான் காத்திருக்கேன்" என்று சொல்லி, மையத்தின் கம்ப்யூட்டரில் இருவர் பெயரிலும் 'தொந்தரவு' என்று காரணம் குறித்து மறுநாள் சந்திப்பைப் பதிவு செய்தார் சொர்ணலட்சுமி.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. சந்திப்பைப் பதிவு செய்தால் மாணவியின் நம்பருக்குக் காரணத்தோடு அதுவாகவே ஒரு மெசேஜ் போகும். பிள்ளைகள் மறந்துவிடக் கூடாதே என்று சொர்ணலட்சுமிதான் கேட்டு வாங்கினார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைக் காலேஜில் சேர்க்கும்போது என்ன நம்பர் கொடுப்பார்கள் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அப்பா நம்பர் கொடுப்பார்கள். அப்பா இல்லையென்றால் அண்ணன் நம்பர். இது ஊரறிந்த வழக்கம், எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அறைக்கு இரண்டு வாசல் பார்த்து வாங்கியவர் மூன்றாவது வாசலைப் பார்க்கவில்லை. அது அப்பாக்களின் சட்டைப் பையில் இருந்தது.

மெசேஜ் வந்தபோது செல்லப்பாண்டி விருதுநகரில் கமிஷன் மண்டியில், தான் கொண்டுவந்த மிளகாய் வத்தல் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். மெசேஜ் இங்கிலீஷில் இருந்தது. காலேஜ் பெயரைப் பார்த்ததும் பீஸ் விஷயமோ என்று நினைத்து, மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அந்த ஆளுக்கு வெண்கலக் குரல். "ஒங்க மகளுக்கு யாரோ தொந்தரவு குடுக்காகளாம்ணே, பொம்பளைக ஆபீஸ்ல நாளைக்கு விசாரிக்காகளாம்" என்று மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லி வைத்தார். வேல்விழியின் அண்ணனுக்கு அப்படி யாரும் படித்துச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவனே படித்துக்கொண்டான்.

மறுநாள் சொர்ணலட்சுமி காத்திருந்தார். இரண்டு பேரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அழகுமீனாவை வீட்டோடு நிறுத்தியாயிற்று, மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வேல்விழியை அண்ணன் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டான், அவன் நம்பர் அணைந்து கிடக்கிறது. சித்திரையில் கடைசிப் பரீட்சை. அதை எழுதாவிட்டால் மூன்று வருடப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளி.

அன்று அவர் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. "நெருப்பு வெளிய இருந்துச்சு, நான் கதவைத் திறந்து உள்ள விட்டுட்டேன்" என்றார். அவர் சொன்னது உண்மையாக இருந்தது. நிர்வாகத்திடம் போய் டிரைவரை மாற்றச் சொன்னார். எழுத்தில் புகார் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். புகார் கொடுக்க வேண்டிய பிள்ளைகளைத்தான் நாங்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டோமே.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊரெல்லாம் காப்புக் கட்டியிருந்த சமயத்தில் நாங்கள் இருவரும் ஆனைக்குட்டம் போனோம். செல்லப்பாண்டி மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"வாங்க டீச்சர். வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிங்க. சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டோம்ணே. பிள்ளையைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

"பாத்து என்ன செய்யப் போறீக? படிச்ச மட்டும் போதும். மண்டியில நாலு பேர் முன்னாடி அந்த மெசேஜைப் படிச்சான் டீச்சர். உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்க முடியலை எனக்கு."

"அது என் தப்புண்ணே. பிள்ளை நம்பர்னு நினைச்சு அனுப்பிட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்லை."

"தப்பு யாரு மேலன்னு நான் கேக்கலை. அந்த மெசேஜ் வரலைன்னா எனக்குக் கடைசி மட்டும் தெரிஞ்சிருக்காது. அதுக்கு ஒங்களுக்கு ஒரு கும்பிடு."

"தெரிஞ்சதும் என்ன செஞ்சீக?"

"எம் பிள்ளையைக் காப்பாத்தினேன்."

"பஸ்ஸு இன்னும் ஓடுதுண்ணே. அவன்தான் ஓட்டுதான். அதுல வேற பிள்ளைக ஏறுதுக."

செல்லப்பாண்டி காலி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எங்களுக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

வீட்டில் பெண்கள் யாரையும் காணோமே என்று சொர்ணலட்சுமி கேட்டார். மனைவி முத்துப்பேச்சி இந்த வருடம் விரதம் இருந்து முளைப்பாரி வளர்க்கிறாள், மகளும் அவளுக்குத் துணையாக முளைப்பாரி வீட்டில்தான் இருக்கிறாள் என்றார் செல்லப்பாண்டி. சொல்லிவிட்டு, "அங்கன ஆம்பளை போகப்படாது" என்று வழக்கமாகச் சொல்வதையும் சேர்த்துச் சொன்னார்.

"நாங்க போகலாம்லண்ணே?" என்றார் சொர்ணலட்சுமி.

சாமி காரியம். அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு முளைப்பாரியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மண்சட்டியில் எருவும் மண்ணும் போட்டு நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாத வீட்டுக்குள் வைத்து, அம்மனுக்கு முளை வளர்ப்பார்கள். விரதம் இருக்கிற பெண் அந்த வீட்டிலேயே கிடந்து தண்ணீர் தெளிப்பாள். ஊரில் எவ்வளவு பெரிய ஆளானாலும் ஆண்பிள்ளை அந்த வாசலைத் தாண்ட மாட்டான். எட்டியும் பார்க்க மாட்டான்.

முத்துப்பேச்சி வாசலிலேயே நிறுத்தினாள். "தலைக்கு ஊத்திட்டு வரணும் டீச்சர்." பக்கத்துத் தோட்டத்து பம்புசெட்டில் போய் நின்றோம். கஞ்சி போட்ட காட்டன் சேலையோடு சொர்ணலட்சுமி குழாயடியில் தலையைக் கொடுத்தார். எனக்குச் சளி பிடிக்குமே என்று யோசனை. ஆனாலும் நனைந்தேன்.

உள்ளே இருட்டு. ஊறிய தானியமும் வைக்கோலும் மணத்தன. கண் பழகியதும் வரிசையாகச் சட்டிகள் தெரிந்தன, வெளுத்த மஞ்சள் நிறத்தில் முளைகள். தண்ணீர்ச் செம்போடு அழகுமீனா நின்றாள். எங்களைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொர்ணலட்சுமி முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு பேராசிரியர் மாணவியிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் பிள்ளை பேசினாள். ஆனைக்குட்டம்தான் முதல் ஸ்டாப், வேல்விழியும் பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்து இங்கேதான் ஏறுவாள். காலையில் முதலில் ஏறுவதும் சாயங்காலம் கடைசியில் இறங்குவதும் இவர்கள் இரண்டு பேர்தான். அதற்கு முன்னால் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். டிரைவர் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்பான். உரசாமல் இறங்க வழியிருக்காது. கை எங்கெங்கோ வரும்.

"வேல்விழிதான் முன்னாடி இறங்குவா மேடம். என்னையப் பின்னால வச்சுக்குவா. அவளைத் தாண்டி என்கிட்ட வரமாட்டான். தெனமும் அவதான்..."

முத்துப்பேச்சி இதையெல்லாம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். காலேஜில் ஏதோ பிரச்சினை என்று மட்டும்தான் புருஷன் சொல்லியிருந்தார். தண்ணீர் தெளிக்கிற கையை அவள் நிறுத்தவில்லை. எல்லாச் சட்டிக்கும் தெளித்து முடித்தபிறகு கேட்டாள்.

"இம்புட்டு நாளா ஏன்டி சொல்லலை?"

"சொன்னா படிப்பை நிப்பாட்டிருவீகன்னுதாம்மா."

முத்துப்பேச்சி மகளைப் பார்த்தாள். "இப்பவும் நிப்பாட்டித்தான் இருக்கோம்" என்றாள்.

முளைப்பாரி எடுக்கிற நாளன்று நாங்கள் மறுபடி போனோம். கூப்பிட்டது முத்துப்பேச்சிதான். சாயங்காலம் கொட்டுமேளத்தோடு பெண்கள் சட்டிகளைத் தலையில் வைத்து வரிசையாகப் புறப்பட்டார்கள். ஊரை ஒட்டிய அணைத் தண்ணீரில் கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். முன்னால் முத்துப்பேச்சி. தெரு முக்கில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆண்கள் நின்றார்கள். செல்லப்பாண்டிக்கு எதிரே வந்ததும் முத்துப்பேச்சி நின்றுவிட்டாள். அவள் நின்றதும் பின்னால் வந்த அத்தனை பெண்களும் நின்றார்கள். முளைப்பாரியை வழியில் இறக்கக் கூடாது. மேளக்காரர் அருள் வந்துவிட்டது என்று நினைத்து வேகமாக அடித்தார். பூசாரி திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்தார்.

"எனக்கு அருளெல்லாம் வரலை சாமி. சொந்தப் புத்தியிலதான் நிக்கேன்" என்றாள் முத்துப்பேச்சி. மேளம் நின்றது. அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "திங்கக்கிழமை நம்ம பிள்ளை காலேஜுக்குப் போவா. சரின்னு சொல்லுங்க, நான் நடக்கேன்."

செல்லப்பாண்டி அக்கம்பக்கம் பார்த்தார். "முதல்ல இதைக் கொண்டுபோய்க் கரைச்சிட்டு வா. வீட்டுல பேசிக்கிடுவோம்."

"வீட்டுல நீங்கதான் பேசுவீக. இங்கன பேசுவோம்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் வயதான ஒருத்திக்குக் கழுத்து நடுங்கியது, ஆனால் அவளும் சட்டியை இறக்கவில்லை. சொர்ணலட்சுமி என் கையைப் பிடித்திருந்தார். எலும்பு நோகிற பிடி.

"சரி, போகட்டும்" என்றார் செல்லப்பாண்டி. அவர் குரல் மண்டிக் கணக்குப்பிள்ளை குரல் மாதிரி இல்லை. ஆனாலும் நாலு பேருக்குக் கேட்டது. முத்துப்பேச்சி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேறொரு பெண்ணின் போனிலிருந்து அழகுமீனா கூப்பிட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அதே பஸ்ஸுலதான் ஏறணுமா மேடம்?" சொர்ணலட்சுமி நிர்வாகத்துக்குப் போன் போட்டார். பரீட்சைச் சமயம், மாற்று டிரைவர் இல்லை, புகார் வந்தபிறகு பார்க்கலாம் என்று பதில். திங்கட்கிழமை காலையில் அவர் காரை ஆனைக்குட்டத்தில் நிறுத்திவிட்டு, பிள்ளைக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் முன் சீட்டில் உட்கார்ந்தார். வழி முழுக்க அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் பிள்ளை இறங்கி வீட்டுப் பக்கம் திரும்புகிறவரை படிக்கட்டில் இவர் நின்றார்.

அழகுமீனா எழுத்தில் புகார் கொடுத்தாள். விசாரணை தொடங்கியது. முடிவதற்குள் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். ஆள் இல்லாத விசாரணை எதற்கு, மூடிவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சொர்ணலட்சுமி மூட விடவில்லை. குற்றம் உண்மை என்று எழுதி வாங்கிய பிறகுதான் எழுந்தார். அதனால் என்ன, வேறு எங்கேயோ அவன் இப்போதும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டுதான் இருப்பான்.

அழகுமீனா பரீட்சை எழுதினாள், தேறினாள். சூலக்கரையில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறாள். தெருமுக்கில் சரி என்று சொன்ன அதே செல்லப்பாண்டிதான் தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். ஆனால் சொர்ணலட்சுமி அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டு நான் கேட்டதில்லை. அவருக்குக் கணக்கு நேராகவில்லை. முன்னால் இறங்கியவள் வேல்விழி. அவளைத்தான் காணோம். திருப்பூருக்கே போய்த் தேடினார். பனியன் கம்பெனி கம்பெனியாக எங்கே என்று தேடுவது? அண்ணனின் பழைய நம்பரை மட்டும் விடாமல் அடித்துப் பார்ப்பார். அது அணைந்தேதான் கிடந்தது.

மெசேஜ் வசதியை எடுத்துவிட்டார். சேர்க்கையின்போது மாணவியின் சொந்த நம்பரைக் கேட்க ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் அதிலும் அப்பா நம்பரைத்தான் சொல்லுகிறார்கள். வேறு நம்பர் இருந்தால்தானே சொல்லுவதற்கு.

புது டிரைவர் வந்தார். வயதானவர், தங்கமானவர். அதற்குப் பிறகும் சொர்ணலட்சுமி ஏன் அந்த பஸ்ஸை விடவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "பிள்ளைக என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா போன் இல்லை. ரூமுக்கு வரவும் பயப்படுதுக. பஸ்ஸுல பக்கத்து சீட்டு காலியா இருந்தா வந்து உக்காந்துக்கிடுதுக" என்றார். உண்மைதான். வெடி விபத்தில் வெந்த கையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வருகிற ஒருத்தி அங்கே உட்காருவாள். ஆண் பெயரில் சேர்ந்து, பெண்ணாக வாழ நினைக்கிற ஒரு மாணவி தன் புதுப் பெயரை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அந்தச் சீட்டில்தான். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. பஸ்ஸில் உட்கார இடம் தேடுவது உலக வழக்கம்.

போன மாசியில் என் ஸ்கூட்டி மக்கர் செய்தது. ஒரு வாரம் நானும் அவரோடு போய் வந்தேன். ஒருநாள் காலையில் பஸ் ஆனைக்குட்டத்தை விட்டுப் புறப்பட்டதும் அவர் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தார். பஸ் இரைச்சலுக்காக சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"மேடம், நான் வேல்விழி பேசுதேன். ஞாபகம் இருக்கா?"

சொர்ணலட்சுமி தலையை மட்டும் ஆட்டினார், அது அவள் கண்ணில் படும் என்பதுபோல. நான்தான் போனுக்குப் பக்கத்தில் போய், "இருக்கும்மா, சொல்லும்மா" என்றேன்.

"திருப்பூர்ல கம்பெனியில இருக்கேன் மேடம். விட்டுப்போன அந்தப் பரீட்சையை இப்ப எழுத முடியுமா?"

"எழுதலாம்" என்றார் சொர்ணலட்சுமி. "எழுதலாம் தாயி. நான் பாத்துக்கிடுதேன். எப்ப வரணும்னு ஒனக்கு எப்படிச் சொல்ல?"

"இந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்புங்க மேடம். இது நானே வாங்கின நம்பர். நான்தான் படிப்பேன்."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொர்ணலட்சுமி அழுதார். பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் கண்ணைத் துடைத்துவிட்டு, எழுந்து பின்னால் போகச் சொல்லி எனக்குக் கை காட்டினார். வெளியே ஏறுவதற்குப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவர் பக்கத்து சீட்டு காலியாக இருக்கவேண்டும்.